சின்னத் துளை

சுவேதாவுக்குத் தோசை முறுகலாக இருந்தால்தான் இறங்கும், மேடம். காலில் கட்டோடு படுத்திருந்தபோது நானே சுட்டு ஊட்டிவிட்டேன். பாரிவாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஹார்டுவேர் கடை சுப்பராயன் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான் என்றுதான் சொல்வார்கள்.

பதினாலு வயசு. தடை ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். வெளியூர் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் அம்மா சரசா சம்மதம் சொல்லிவிட்டாள். அரைக்கால் சட்டையோடு கண்டவன் முன்னால் ஓடுவதற்கா பெற்றேன்? ஆனாலும் நான் சத்தம் போடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மொட்டைமாடிப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். படியில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து ஊற்றியதும் நான்தான். ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்த வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கெடுத்தது அந்த டாக்டர் அரவிந்தன். நீளமாகக் கிழிப்பார்கள், தகடு வைப்பார்கள், காலத்துக்கும் கொஞ்சம் நொண்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவர் ஆபரேஷன் முடிந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பெருசா திறக்கலைங்க. வளர்ற வயசு, எலும்பு வளர்ற இடத்துல அடிபடக் கூடாது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கிட்டே சின்னத் துளை வழியா ரெண்டு ஸ்க்ரூ போட்டுட்டேன். பழையபடி ஓடுவா."

சரசா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கும்பிட்டேன்.

அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறீர்களா? அரிசி மணி அளவுதான். நான் பட்ட பாட்டுக்கு அவ்வளவுதான் மிச்சம்.

கட்டைப் பிரித்தார்கள். நடந்தாள். பிறகு ஏரிக்கரையில் மெல்ல ஓடவும் ஆரம்பித்தாள். விடுதியில் அவள் இடத்தை அப்படியே வைத்திருந்தார்களாம். நேற்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அவ்ளோ அவசரம்? நைனாவ உட்டுட்டுப் போய்டுவியா?" என்றேன். தன்மையாகத்தான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"படில சோப்பு ஊத்தினது நீதான்னு எனக்குத் தெரியும் நைனா. என்னைத் தூக்கறப்போ உன் கையெல்லாம் அந்த வாசனைதான். அம்மாகிட்ட சொல்லல. இப்பவாவது என்னை உட்டுடு."

இத்தனை மாதம் தெரிந்துகொண்டே என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு அவ்வளவு அழுத்தம் ஆகுமா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கீழே கடைக்குப் போய் சம்மட்டியை எடுத்து வந்தேன். அதே கால். இந்த முறை துளை போட்டு ஒட்டவைக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை. சரசா ஓடி வந்து என் கையில் தொங்குகிறவரை நிறுத்தவும் இல்லை.

பாதம் தங்குமா என்று தெரியாது என்கிறாராம் அரவிந்தன். அவர் படித்த படிப்பு இப்போது எங்கே போனதாம்?

என்னை வார்டுக்குள் விடவே கூடாது என்று சுவேதாவே உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்கள். வலியில் ஏதோ பேசுகிறாள், மேடம். இனிமேல் அவளை பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போக என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? இந்த வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதி முடியுங்கள். பிள்ளை எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.