பத்துத் தட்டு பின்னால், ஒரு தட்டு மடியில்

கரும்பு விளைத்த கையோடு கடைத்தெருவையும் கட்டிக் காக்கும் மதகடிப்பட்டு வணிகர் சங்கத் தலைவர், ஐயா சிவப்பிரகாசம் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளையை மடியிலும் என் பேச்சைச் செவியிலும் தாங்கும் தாய்மார்களே! விற்பனைக்கலை படிக்க வந்து விசிலடிக்கும் கலையையும் விடாமல் பயிலும் கல்லூரிச் செல்வங்களே! பாகூரில் பிறந்து, வில்லியனூரில் கார் விற்றுப் பிழைக்கும் இந்தச் சகாயராணியின் பணிவான வணக்கம்.

'ஒரே கார், ஊருக்கு ஊர் வேறு விளம்பரம்' என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். ஹெல்மார் என்ற என் கம்பெனிக்கு வயது நூறு. விற்கும் நாடுகள் நாற்பது. எல்லா நாட்டிலும் அதே எஞ்சின், அதே இரும்பு, அதே நான்கு சக்கரம். ஆனால் அது பேசும் பேச்சு ஒன்றா?

நார்வேயில், "உறைபனியிலும் உன்னைக் கைவிட மாட்டேன்" என்று உருகுகிறது. ஜப்பானில், "சந்து சிறியதா? சத்தமில்லாமல் நுழைந்து நிற்பேன்" என்று அடங்குகிறது. பிரேசிலில் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு கடற்கரையில் ஆட்டமே போடுகிறது! பனிக்குப் பயந்தவனிடம் பாட்டுப் பாடினால் வாங்குவானா? ஆட வந்தவனிடம் அடக்கம் பேசினால் நிற்பானா? நாடறிந்து நாவை அசைத்தார்கள், நன்றாக விற்றார்கள்.

நமக்கு என்ன அனுப்பினார்கள்? மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் நாற்பதடிப் பலகை. ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதையில், கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞன் ஒற்றையாய்க் கார் ஓட்டிப் போகிறான். மேலே, 'உங்களுக்காக மட்டும்!'

பலகைக்குக் கீழே பூ விற்கும் காசம்மாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி சகாயம், இந்தப் புள்ள வூட்டுல சண்ட போட்டுக்கினு போவுதா? கூட ஒரு சனத்தையும் காணோமே!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் சொல்லுங்கள், நம்மில் யார் எனக்காக மட்டும் என்று கார் வாங்கினோம்? வாங்கினால் வீட்டில் சோறு கிடைக்குமா? அங்கே ஓர் அண்ணன் 'கிடைக்காது' என்கிறார். அனுபவம் பேசுகிறது ஐயா, அமைதி காப்போம்!

பலகை செய்த பிழையைப் பழித்த நான், அதைவிடப் பெரிய பிழை செய்தேன். கிருமாம்பாக்கத்துக் கரும்பு விவசாயி தங்கவேல் அண்ணன், மனைவி விஜயகுமாரி, தாயார் தையலம்மாள், பிள்ளைகள் இருவர், பக்கத்து வீட்டார் இருவர் என ஏழு பேர் கார் பார்க்க வந்தார்கள். "ஓட்டிப் பார்க்க ஒருவருக்கு மட்டுமே அனுமதி, மற்றவர்கள் சோபாவில் உட்காருங்கள்" என்றேன். அது கம்பெனி விதி. தையலம்மாளின் முகம் சுருங்கியதை நான் பொருட்படுத்தவே இல்லை.

விஜயகுமாரி கேட்டார்: "எங்க நாத்தனார் பொண்ணுக்கு ஆவணில காதுகுத்து. தாய்மாமன் வரிசை எடுத்துக்கினு போவணும். பின்னாடி எத்தினி தட்டு புடிக்கும்மா?"

நான் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, "நானூறு லிட்டர் கொள்ளளவு மேடம்" என்றேன்.

"லிட்டரா? பால் ஊத்தவா போறோம்?" என்றார் தையலம்மாள். ஏழு பேரும் எழுந்து போய்விட்டார்கள். வரிசைத் தட்டை அறியாதவளா நான்? என் புதுநன்மைக்கு, தேவாலயத்தில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அந்த நாளுக்கு, என் மாமன் ஒன்பது தட்டு எடுத்து வந்தாரே! பாகூர்க்காரி பாகூரை மறந்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரமே தலைமையகத்துக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் பதினைந்துக்குள் பத்துக் கார் பதிவாக வேண்டும். இல்லையேல் வில்லியனூர்க் கிளையை மூடுவோம்!

ஆகஸ்ட் பதினைந்து என்றால் என்ன மாதம், தாய்மார்களே? ஆடி! ஆடியில் கார் வாங்குவார்களா? மேலாளரான என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர் அங்கே வேலை செய்கிறோம். அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அந்தக் கிளையை நம்பித்தான் எரிகிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அழுது முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் போனேன். எங்கள் மெக்கானிக் கலைவேந்தனும் கூட வந்தான். இரவல் வாங்கிய பதினொரு தாம்பாளத்தை வாசலில் இறக்கி, "விதியை விடுங்க அத்தை, எல்லாரும் ஏறுங்க. எத்தினி தட்டு புடிக்குதுன்னு நாமளே பார்த்துடுவோம்" என்றேன்.

"வெறுந்தட்ட வைக்கக் கூடாதுடி" என்று தையலம்மாள் அதட்டினார். வாழைப்பழம், தேங்காய், வெல்லம், வீட்டிலிருந்த சேலை என்று ஒவ்வொன்றிலும் நிரப்பினார்கள். கடைசி வரிசை இருக்கையை மடக்கினோம். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, பத்து! பத்தாவது தட்டுக்குப் பிறகும் இடமிருந்தது. பதினொன்றாவது, மஞ்சள் குங்குமத் தட்டு. அதை விஜயகுமாரி பின்னால் வைக்கவில்லை. முன்னிருக்கையில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார். கலைவேந்தன் அதைப் படமெடுத்தான்.

ஒற்றை இளைஞனை இறக்கிவிட்டு இந்தப் படத்தை ஏற்றுங்கள் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது: 'படம் அருமை. ஆனால் மடியில் தட்டு இருந்தால், பின்னால் இடம் போதவில்லை என்றல்லவா நினைப்பார்கள்? அந்த ஒரு தட்டைக் கணினியில் அழித்துவிடுகிறோம்.'

அழிப்பதா? மங்கலத் தட்டை மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் போடுவார்களா நம் வீட்டில்? மீண்டும் எழுதினேன்: 'ஐயா, பனிநாட்டில் பனியைக் காட்டினீர்கள், ஆட்டநாட்டில் ஆட்டத்தைக் காட்டினீர்கள். எங்கள் நாட்டில் எங்கள் மரியாதையைக் காட்டுங்கள். அந்தத் தட்டை அழித்தால் இந்தக் கிளையை நீங்கள் மூட வேண்டாம், நானே பூட்டிச் சாவியை அனுப்புகிறேன்.'

ஆத்திரத்தில் அனுப்பிவிட்டேன். கூட வேலை செய்யும் பதின்மூன்று பேரைக் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்! இரண்டு நாள் அவர்கள் முகத்தில் விழிக்காமல் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள், தட்டோடு படம் பலகையில் ஏறியது. கீழே ஒரே வரி: 'பத்துத் தட்டு பின்னால், ஒரு தட்டு மடியில்.'

ஆடியில் வாங்கமாட்டார்கள் என்றேனே, ஆடிப்பெருக்கை மறந்துவிட்டீர்களா? பதினெட்டாம் பெருக்கன்று காலையில் கதவைத் திறந்தால் வாசல் நிறையக் குடும்பங்கள். தாய்மாமன்கள், அத்தைமார்கள், கையில் தட்டோடு சிலர்! முதல் பதிவு தங்கவேல் அண்ணன் பெயரில். பொழுது சாய்வதற்குள் பதின்மூன்று!

கல்லூரிச் செல்வங்களே, நாளை நீங்கள் சோப்பு விற்கலாம், சோலார் விற்கலாம், நாடு கடந்தும் விற்கலாம். நாற்பது நாட்டுப் பாடத்தையும் படியுங்கள். ஆனால் எதிரே நிற்கும் அம்மா என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாய் திறவுங்கள். கேட்கத் தவறியதால் நான் இழக்க இருந்தது என்ன தெரியுமா?

கலைவேந்தா, எழுந்து நில். அர்ச்சனா, அமிர்தம் அக்கா, நீங்களும். கிளையில் வேலை செய்யும் எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பாருங்கள் பெரியோரே, நான் இழக்க இருந்தது இவர்களைத்தான். இன்று காலையும் இவர்கள் வேலைக்குப் போனார்கள், நாளை காலையும் போவார்கள்!

கைதட்டலை எனக்குத் தராமல் அவர்களுக்குத் தந்தீர்களே, அதற்கு என் நன்றி. வாய்ப்புத் தந்த தலைவருக்கும், வாழ்வு தந்த தாய்மார்களுக்கும் மனம் நிறைந்த வணக்கம்!