நிலா மார்க் ஐஸ்கறி

அறுபதுகளில் ஒருநாள், புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“போன வாரம் அறுத்த கறின்னு நீங்களே போர்டு எழுதிவச்சா எவன் வாங்குவான்?” என்று அந்த அம்மா பொரிந்தார்.

“சிங்கப்பூர்ல நான் வேலை பார்த்த கடையில ‘நிலா மார்க்’ ஐஸ்கறிக்கு வரிசையில நிப்பாக. ஆஸ்திரேலியாவுல அறுத்து, ஐஸ்ல வச்சுக் கப்பல்ல வந்த கறி. அந்தப் பேரைத்தான் நம்ம கடைக்கும் வச்சேன்.”

“அதுக்கு நான் வளர்த்த ஆடு அம்புட்டையும் அறுத்து ஐஸ்ல போடணுமா?”

“கறி கெட்டுப்போச்சா, சொல்லு!”

“கறி கெடலைங்க. பேருதான் கெட்டுப்போச்சு. செத்த ஆட்டுக் கடைங்கிறாக. எங்கண்ணனே வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டேங்கிறாரு.”

அவர் சற்று யோசித்தார்.

“அப்ப வேற பேரு வச்சிருவமா?”

அந்த அம்மா எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.