வாட்ச்மேன் வேலை வேண்டாம் என்ற சுபேதார்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் வார்ப்புப் பட்டறை முதலாளி கோபால் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த சுபேதாரின் துணைவியார் செங்கமலம் அம்மையார் அவர்களே, ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு ஓடிவந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, முன்னாள் படைவீரர்களே! ஹவில்தார் ரகுபதியின் வணக்கம்.

அழ வேண்டிய இடம்தான். ஆனால் வடக்குப்பட்டு சுபேதார் அப்பாவுவை நினைத்தால் எனக்குச் சிரிப்பல்லவா முட்டிக்கொண்டு வருகிறது! நான் என்ன செய்வேன்?

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போருக்குப் பிறகு அவரும் நானும் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தோம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே பதில்: "வாட்ச்மேன் வேலை கீது, சேர்றியா?" போர்முனையில் ஆட்களை வழிநடத்தியவருக்கு ஒரு தடியும் ஒரு ஸ்டூலுமா? சுபேதார் சொன்னார்: "கேட்டைப் பாத்துக்க ஆள் கெடைப்பான் சார். உள்ள கீற ஆளுங்களை நடத்தத் தெரியுதா உங்களுக்கு? அதை நாங்க சொல்லித் தர்றோம்!" அப்படித்தான் ஸ்ரீபெரும்புதூர் சைக்கிள் கடை மாடியில் எங்கள் நிர்வாக ஆலோசனை நிலையம் பிறந்தது. பட்டாளத்தான் முதலாளிக்குப் புத்தி சொல்வதா என்று ஊரே சிரித்தது.

முதல் வேலை மண்ணூரில், இதோ இந்தக் கோபால் ஐயாவின் பட்டறையில். சூப்பர்வைசர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று அழைத்திருந்தார். சுபேதார் என்ன செய்தார் தெரியுமா? காலையில் விசில் ஊதினார், எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார், ரெஜிமெண்டில் செய்வதுபோல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஐயோ! அந்தப் பட்டறையில் பெயரைப் படித்தால் ஆள் குறைப்பு என்று அர்த்தமாம். எங்களுக்கு யார் சொன்னது?

மணல் சலிக்கும் கிளியம்மாள் கூடையைத் தூக்கிப் போட்டார். "இன்னா சார், நான் இன்னா தப்பு பண்ணேன்? மொதல்ல என் பேரைப் படிக்கிறே?" அவ்வளவுதான், பட்டறையே வெளியே போய் உட்கார்ந்துவிட்டது.

"ஆலோசனை சொல்ல வந்தீங்களா, பூட்டுப் போட வந்தீங்களா?" என்று முதலாளி குதித்தார். குதித்தீர்களா இல்லையா, ஐயா?

சுபேதார் நேரே போய்த் தொழிலாளிகளோடு மண்ணில் உட்கார்ந்தார். "அம்மா, பட்டாளத்துல பேர் கூப்பிடறது ஆள் பத்திரமா கீறானான்னு பாக்கறதுக்கு. இங்க உங்களைக் கேக்காம செஞ்சது என் தப்பு."

"அப்ப முதலாளி பத்திரமா கீறாரான்னு யாரு பாக்கறது? அவர் பேரையும் கூப்புடு!" என்றார் கிளியம்மாள்.

மறுநாள் வரிசையில் முதல் பெயர் கோபால்! "உள்ளேன் ஐயா" என்று அவர் சொன்னபோது பட்டறை அதிர்ந்ததே, அந்தச் சிரிப்பை எப்படி மறப்பேன்! சிரியுங்கள், இரங்கல் கூட்டமானால் என்ன? அன்றிலிருந்து முதலாளிக்கு ஒரு யோசனை சொல்வதற்குமுன் தொழிலாளியிடம் கேட்பதே எங்கள் வழக்கமானது. வாலாஜாபாத் வரை எத்தனை கம்பெனிகள் எங்களைத் தேடி வந்தன!

ஆனால் அடக்கம் முடிந்து திரும்பும்போதே காதில் விழுந்தது: "சுபேதார் போயிட்டார், இனி போர்டைக் கழட்ட வேண்டியதுதான்." கழற்றுவோமா? அவர் இல்லாவிட்டால் நாம் மறுபடி ஸ்டூலுக்கே போக வேண்டுமா?

கடைசி வரிசையில் நாயக் ரத்தினம் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம்தான் படையிலிருந்து வந்தார். இன்று காலை என்னிடம், "அண்ணே, இனிமே யாரை நம்பறது? வாட்ச்மேன் வேலைக்கு ஒத்துக்கினேன்" என்று தலைகுனிந்து சொன்னார்.

தம்பி ரத்தினம், எழுந்து நில்! இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்த வேலை வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிட்டு வா. திங்கட்கிழமை புதுப் பட்டறை ஒன்று நம்மைக் கூப்பிட்டிருக்கிறது. சுபேதாருக்குப் பதிலாக நீ வருகிறாய்.