வேப்பிலையை எண்ணியவர்

அவைத் தலைவரும் பஞ்சாயத்துத் தலைவருமான கங்கப்பன் அவர்களே, பந்தலில் இடம் கிடைத்த பெரியோர்களே, வெயிலில் இடம் கிடைத்த பொதுமக்களே, வணக்கம்.

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் சென்னகிருஷ்ணன் மறைந்துவிட்டார். அம்மை கண்ட வீடுகளின் வாசல் வேப்பிலையை எண்ணியதால் மாரியம்மன் தண்டித்துவிட்டாள் என்கிறார்கள். அவர் இறந்தது மாரடைப்பால். எண்ணியவருக்கெல்லாம் மரணம்தான் தண்டனை என்றால், ஐம்பத்தொன்றில் சென்சஸ் எடுத்தவர்களில் ஒருவராவது மிஞ்சியிருப்பாரா?

ஏன் எண்ணினார்? அரசாங்கக் கணக்கில் நம் ஊரில் அம்மையே இல்லை. ஆத்தா வந்ததை யார் ஆபீசில் போய்ச் சொல்வார்கள்? ஆனால் ஆத்தா வந்தும் வேப்பிலை கட்டாத வீடு உண்டா? அதிகாரியிடம் மறைத்ததை நாம் வாசலில் தொங்கவிட்டோம். அவர் அதைப் பார்த்தார்.

அம்மை கண்ட வீட்டுச் செல்வம்மாள் ஒருநாள் அவரை வழிமறித்தார்.

"ஏன் வாத்தியாரே, ஆத்தா ஊட்டுத் தழைய எண்ணுறியே, நீ நல்லாருப்பியா?"

"ஆத்தா எத்தன ஊட்டுக்கு வந்திருக்கறான்னு தெரிஞ்சாத்தானேம்மா, கூழுக்குப் பானை எடுக்கலாம்?"

பள்ளிச் சுவரில் கரியால் கட்டம் போட்டார். படுக்கைக் கோட்டில் சந்தை நாட்கள். நிமிர்ந்த கோட்டில் வேப்பிலை வீடுகள். நாலு, எட்டு, பதினாறு. சந்தைக்குச் சந்தை இரட்டிப்பு. சுகாதார அதிகாரி வந்து பார்த்தார்.

"கோட்டைக் கொஞ்சம் சாய்வாப் போடக்கூடாதா?"

"ஸ்கேலைச் சாய்க்கலாம் சார். அம்மை சாயாது."

சந்தையை மூடினார்கள். அது எல்லை தாண்டி மைசூர் பக்கம் போய்க் கூடியது. நம் ஜவளகிரி மாடுகளும் போயின, நாமும் போனோம். கோடு மேலும் ஏறியது. அவர் அங்கும் நடந்துபோய்க் கன்னடத்தில் எண்ணினார். கன்னடத்தில் எண்ணியும் தொகை குறையவில்லை.

அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. நோய் கண்டவர் எத்தனை பேர், இன்னும் காணாதவர் எத்தனை பேர், இரண்டையும் பெருக்கினால்தான் அடுத்த புள்ளி கிடைக்கும். பிடிக்க ஆள் தீர்ந்துபோனால் கோடு தானாகவே இறங்கும். அந்த இறக்கத்துக்கு நாம் தரும் விலை சுடுகாட்டில் இருக்கும். தடுப்பூசியாக அம்மைப்பால் குத்திக்கொண்டால், ஆள் இருக்கும்போதே இறங்கும். எல்லைக்கு இரு பக்கத்து ஊர்களுக்கும் ஊசிக்காரரை அழைத்துப்போய் அவர்தான் அதை இறங்க வைத்தார்.

இறங்கியிருக்கிறது, இன்னும் தரை தொடவில்லை. அதற்குள் வரும் வாரம் சந்தை திறக்கும் என்று தலைவர் தமுக்கு அடித்துவிட்டார். சுவருக்கு வெள்ளையடிக்கவும் உத்தரவாகியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெளுக்கும். அம்மை வெளுக்குமா?

ஆசிரியர்கள் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். சுவரை விடமாட்டோம். புள்ளி வைப்பதை நிறுத்தமாட்டோம். சந்தை திறந்தால் அதன் வாசலில் உட்காருவோம். அம்மைப்பால் குத்தாத கை உள்ளே போகாது. அது மாடு ஓட்டும் கையானாலும் சரி, உத்தரவு போடும் கையானாலும் சரி.

அஞ்சலியை இங்கேயே தொடங்கலாம். ஊசிக்காரர் ராமப்பன் பந்தல் காலருகே நிற்கிறார். தலைவர் அவர்களே, சட்டைக் கையைச் சுருட்டுங்கள்.