குருவி ஆட வேண்டிய இடம்

என் கணவர் சாப்பிடும்போது அதிகம் பேசமாட்டார். அந்தப் பிரேசில் பையன் எங்கள் கால்பந்து அணிக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போக ஆரம்பித்தது.

அவர் அணியின் கோச். நான் பிசியோ, ஆட்டத்துக்கு முன் எல்லோருடைய கணுக்காலிலும் டேப் சுற்றுகிறவள். பையனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பந்தைக் கொத்திக் கொத்தித் தள்ளிக்கொண்டு ஓடுவான் என்பதால் குருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் பேச்சையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். அவர் அவனை இடது ஓரத்தில் ஆட வைத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"அவன் ஓடுறத மட்டும் பாக்காதீங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே தலையத் திருப்பி நாலு பக்கமும் பாத்துடுறான். நடுவுல ஆட வேண்டிய பிள்ளை."

"நடுவுல நின்னு என்ன பண்ணுவான், போக்குவரத்தச் சரி பண்ணுவானா?"

"நீங்க அவன் காலத்தான் வாங்கியிருக்கீங்க. கண்ண வாங்கல."

"கால் கிடைச்சதே பெருசு. தண்ணிய எடு."

தினமும் இப்படித்தான். இதில் கோபம் ஒன்றும் இல்லை. ஒருநாள் உடைமாற்றும் அறையில், எல்லோரும் இருக்கும்போது அதே பேச்சை எடுத்தேன். அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "தாயே, உன் ராஜ்யம் முட்டிக்குக் கீழ. மேல இருக்கறத நான் பாத்துக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். குருவியும் சிரித்தான். அப்போது அவன் கால் என் மடியில்தான் இருந்தது. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த இடது கணுக்கால் சிறு வயதிலிருந்தே பிடிமானம் இல்லாதது. "கோச்சுகிட்டச் சொல்லிடாதீங்க அக்கா, உக்கார வச்சுருவாரு" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்படிப்பட்ட காலுக்கு டேப் சுற்றும்போது குதிகாலைக் கவ்விக்கொண்டு குறுக்கே ஒரு பட்டை போக வேண்டும். கால் புரளாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதன்மேல் வேறு சுற்றுகள் வந்து மூடிவிடும். அடியில் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அந்தப் பட்டையைப் போடுவதை நான் நிறுத்தினேன்.

என் எண்ணம் சின்னதுதான். ஓரத்தில் ஆடுகிறவன் முழு வேகத்தில் வந்து அந்தக் காலை ஊன்றி உள்ளே வெட்டித் திரும்ப வேண்டும். லேசாக ஒரு சுளுக்கு வந்தால் போதும், இவரே அவனை நடுவுக்கு மாற்றிவிடுவார். சுளுக்கு வந்தது. ஓய்வு முடிந்து வந்தவனை இவர் மறுபடியும் ஓரத்திலேயே நிறுத்தினார். அப்படி ஒரு பிடிவாதம். கால் தேறிவிட்டதா என்று என்னைக் கேட்டார். தேறிவிட்டது என்றேன். தேறவில்லை. அன்றும் பட்டை போடவில்லை.

கால் போன சத்தம் கோட்டுக்கு வெளியே எனக்கே கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவள் நான்தான். பாதம் வேறு திசையைப் பார்த்துக் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சரியாத்தானே சுத்துனீங்க?" என்றான். "எப்பவும் போலத்தான் கண்ணு" என்றேன். அது பொய் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் டேப்பை ஏன் வெட்டினாய் என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். வீக்கத்துக்கு இடம் விட வேண்டும் என்று போன தடவை சொன்னேன். அதுவும் உண்மைதான். வெட்டிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தேன். அதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இனி ஓட முடியாது, கோல் ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "இப்படி ஒரு விங்கர் இனி எனக்கு எங்க கிடைப்பான்" என்றார். அந்த நேரத்திலும் விங்கர், ஓரத்தில் ஆடுகிறவன் என்றுதான் சொன்னார்.

நான் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் பேசினோமே தவிர, அவனை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உண்மையச் சொல்லு கண்ணு. உனக்கு எங்க ஆடப் பிடிக்கும்?"

"ஓரத்துலதான் அக்கா. சின்ன வயசுல நான் ஓடுனா, அம்மா கோட்டுக்கு அந்தப் பக்கம் கூடவே ஓடி வருவாங்க. இன்னிக்கும் கோட்ட ஒட்டி ஓடுறப்போ, பக்கத்துல அவங்க வர்ற மாதிரியே இருக்கும்."

மருந்து மயக்கம் இன்னும் சரியாகத் தெளியாத நேரம். அதனால் அந்தப் பதிலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.