குளிர் அவ்வளவு மோசமில்லை

— அப்பா, அந்தப் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை வெச்சுட்டு இங்க வாங்க. ஆன்லைன் விசா ஃபாரத்துல மத்தேயோவுக்கு விசிட்டர்னே போட்டுட்டேன். பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

— அமுக்காதே! கையை எடு லரிசா. பக்கத்துல வேலை பெர்மிட்னு இன்னொண்ணு இருக்கே, அது என்ன, அழகுக்கா?

— வெள்ளிக்கிழமையோட அவன் கனடாவுல தங்கற தவணை முடியுது. விசிட்டர்னு நீட்டிச்சா பேசாம இங்கேயே இருக்கலாம். போதும்.

— இருக்கலாம். வேலை பாக்க முடியாதே! காலையில காபிக்கடைக்குப் போனா, "ஓரெஸ்ட், உன் மாப்பிள்ளை என்ன பண்றான்?"னு கேக்கறானுங்க. "விசிட் பண்றான்"னு சொல்றேன். என் வாயாலயே சொல்ல வேண்டியிருக்கு.

— அவங்களுக்கு வேற வேலை இல்ல.

— இவனுக்கும்தான் இல்ல! சிலி நாட்டுல பதினாலு மாடிக்கு லிஃப்ட் மாட்டினவன். நேத்து என் டோஸ்டரைக் கழட்டிட்டான். நல்லா இருந்த டோஸ்டர்!

— ரொட்டி உள்ளயே சிக்கிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப மேல வருதுல்ல?

— வருதா? பறக்குது! இன்னிக்குக் காலையில அலமாரி மேலருந்து எடுத்துத் தின்னேன்.

— இருங்க, இருங்க. லிஃப்ட் வேலைக்கு இந்த ஊர்ல அவன் எங்க போவான்? இங்க உயரமா இருக்கறதே சர்ச் கோபுரம் ஒண்ணுதான்.

— சஸ்கட்டூன் சிட்டியில லிஃப்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களே, அங்க போவான்.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மத்தேயோ! மத்தேயோ, உள்ள வா!

— வந்துட்டேன், வந்துட்டேன். எஞ்சின் உறைஞ்சுடாம வண்டிக்கு ஹீட்டர் ஒயர் சொருகிட்டேன் மாமா. மைனஸ் முப்பத்தஞ்சு. மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன்.

— மூக்கு இருக்கட்டும். சஸ்கட்டூன் வேலையைப் பத்தி அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு பேசினோமா இல்லையா?

— மன்னிக்கணும் லரி. நான் அவருக்கு ஸ்பானிஷ் பாடம் எடுக்கும்போது கேட்டுட்டார். ஸ்பானிஷ்லயே கேட்டார். ஸ்பானிஷ்ல கேட்டா எனக்குப் பொய் வர மாட்டேங்குது.

— மாப்பிள்ளை மேல பாயாதே. நான்தான் கிண்டினேன்.

— சரி, உடைச்சே சொல்லிடறேன். வேலை பெர்மிட் வந்தா நாங்க சஸ்கட்டூன் போயாகணும். மூணு மணி நேர ஓட்டம். பனிப்புயல் அடிச்சா அதுவும் கிடையாது. அம்மா போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது. உங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. அதனாலதான் விசிட்டர். மத்தேயோவும் சரின்னுட்டான்.

— நான் சரின்னு சொல்லல லரி. "நீ சொன்னா சரி"ன்னு சொன்னேன்.

— ரெண்டும் ஒண்ணுதான்.

— ஒண்ணாம்மா? ஏன், தனியா இருந்தா எனக்கு என்ன ஆயிடும்?

— என்ன ஆகுமா? எனக்குக் கண்ணில்லையா அப்பா? சாயங்காலமானா கராஜுக்குப் போய்த் தனியா பேசிக்கிட்டு நிக்கறீங்க.

— டிராக்டர்கிட்ட பேசறேன்.

— சிரிக்கறீங்க! ஒரு நாள் பாட்டு வேற.

— பழைய டிராக்டர்மா. கொஞ்சினாதான் கிளம்பும்.

— தினம் முகம் மழிக்கறீங்க. பூப்போட்ட சட்டை ஒண்ணு வாங்கி, போடாம மடிச்சு வெச்சிருக்கீங்க. அறுபத்தெட்டு வயசுல ஸ்பானிஷ் படிக்கறீங்க. எதுக்கு? வீட்டுல பேச ஒரு ஆள் வேணும், அதுக்கு ஒரு சாக்கு. அந்த ஒரு ஆளையும் நான் கூட்டிக்கிட்டுப் போயிட்டா?

— அதை விடு. நான் நல்லாத்தான் படிக்கறேன். கேட்டுப் பாரு வாத்தியாரை.

— நல்லா வருது லரி. மொதல் நாளே, "குளிர் அவ்வளவு மோசமில்லை"ங்கறதை எப்படிச் சொல்றதுன்னு கேட்டார். பத்துத் தடவை சொல்ல வெச்சார்.

— கடவுளே! உனக்கு ஆறுதல் சொல்லணும்னு மொதல்ல அதைக் கத்துக்கிட்டிருக்கார். அப்புறம்?

— அப்புறம், "வீடு பெரிசு, கீழ்த்தளம் காலியா இருக்கு."

— காலியா? கீழ்த்தளத்துல நாமதானே இருக்கோம்?

— பாடத்துக்காகச் சொன்னதும்மா! பாடத்துல என்ன வேணா சொல்லலாம். "என் மாமா ஒரு குதிரை"ன்னு கூடத்தான் சொன்னேன்.

— எனக்கு அழுகையே வந்துடும்போல இருக்கு. விசிட்டர்தான். அமுக்கறேன்.

— மாப்பிள்ளை, வாயைத் திற. சஸ்கட்டூன்ல டாக்டரைப் பாக்கப் போனப்ப நடந்ததைச் சொல்லு.

— வேண்டாம் மாமா.

— என்ன நடந்தது? மத்தேயோ, என்னைப் பாரு.

— ஒண்ணுமில்ல லரி. அந்தக் கட்டடத்துல நீ ரொம்ப நேரம் கீழ காத்துக்கிட்டு இருந்தியே...

— பாத்ரூம் போனேன்னு சொன்னே.

— லிஃப்ட்ல போனேன். மேல, கீழ, மேல, கீழ. நாலாவது மாடியில கதவு இழுக்குது. ஒரு சின்ன உருளை தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். காதுல கேக்குது. எனக்கு அரை மணி நேர வேலை. கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். நான் விசிட்டராச்சே.

— இதை என்கிட்ட ஏன் சொல்லல?

— நீ சொன்னா சரின்னு சொல்லிட்டேனே.

— நான் ஒரு மடச்சி. தள்ளுங்க. இதோ, விசிட்டரை எடுத்துட்டேன். வேலை பெர்மிட். ஆனா ஒண்ணு அப்பா, தினம் போன் பண்ணுவேன்.

— பண்ணு. சாயங்காலம் மட்டும் வேண்டாம். கராஜுல இருப்பேன்.

— ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடுவோம்.

— வாங்க, வாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

— நம்ம வீட்டுக்கு வர சொல்லிட்டு வரணுமா?

— பனி இருக்கும், கினி இருக்கும்...

— மாமா, நான் போய் வண்டியைப் பாத்துட்டு வரேன்.

— இப்பத்தானே பாத்துட்டு வந்தே? உக்காரு மாப்பிள்ளை. என்னைத் தனியா மாட்டி விடாதே.

— என்னப்பா ரெண்டு பேரும் ஒரு மாதிரி முழிக்கறீங்க? சரி, அமுக்கிட்டேன். போயிடுச்சு. வேலை பெர்மிட்! இந்த விசிட்டர் பக்கம் இனிமே எதுக்கு, மூடிடறேன்.

— மூடாதே!

— ஏன்?

— மாப்பிள்ளை, நீயே சொல்லிடேன்.

— மன்னிக்கணும் மாமா. அது உங்க வீட்டுப்பாடம்.

— சரி... லரிசா, போன குளிர்காலம் பனிக்கட்டி மேல கர்லிங் ஆடற கோஷ்டியோட என்னைக் கழுத்தைப் பிடிச்சு மெக்சிகோவுக்கு அனுப்பினது யாரு?

— நான்தான். அம்மா போன துக்கத்துல இருந்தீங்க, மனசு தேறட்டும்னு அனுப்பினேன்.

— தேறிடுச்சும்மா. அங்க பாத்தவ, பேரு ரோசால்பா. சாயங்காலம் கராஜுல நான் ஸ்பானிஷ்ல பேசறது டிராக்டர்கிட்ட இல்ல, போன்ல அவகிட்ட. குளிருக்குத்தான் பயப்படறா. அந்தப் பக்கத்தைப் பாத்துச் சொல்லு, அவளுக்கு விசிட்டர் போதுமா, இல்ல வேலை பெர்மிட்டே கேட்டுடலாமா?