மொட்டை யாருக்கு

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர். ஒருவருக்குப் புது மொட்டை. மற்றவர் கேட்டார்:

"இன்னாபா, அப்பாவா?"

"எங்கப்பா நல்லாத்தான் கீறாரு. இது எங்க கபடி டீம் சேகரோட அப்பாவுக்கு."

"சேகர் எங்க?"

"மலேசியாவுல மாட்டிக்கினான். மேட்சுக்குப் போனப்ப, ஏசி ஓடட்டும்னு சாவிய கார்லயே உட்டுட்டு கிரவுண்டுல இருந்த எங்களுக்கு டீ வாங்க எறங்கினான். காரைத் திருடிக்கினு போய்ட்டானுங்க. அவன் பாஸ்போர்ட்டும் அதுலதான். நாங்க வந்துட்டோம். அவன் வர்றதுக்குள்ள அப்பா போய்ட்டாரு. ஒரே புள்ள. அதான் நான் கொள்ளி வச்சேன்."

"உங்கப்பா உசுரோட இருக்கசொல்ல மொட்டையா? உங்கூட்ல ஒண்ணும் சொல்லல?"

"எங்கப்பாதான் கூட்டிக்கினு போய் உக்கார வச்சாரு."

பொன்னேரி தாண்டியது.

"சேகரு?"

"வீடியோவுல பாத்துக்கினே இருந்தான். 'அப்பா கால்கிட்ட போனை வைடா'ன்னான். வச்சேன். குனிஞ்சு கும்பிட்டான். ஸ்கிரீன் முழுக்க அவன் தலைமுடிதான் தெரிஞ்சுது."